நிகழ்வு ஆய்வு: பான் எண்ணை யாரெல்லாம் பார்க்க முடியும்?

பின்னணி

மேற்குத் தமிழ்நாட்டில் 14 கிளைகளுடன் இயங்கும் நிதி நிறுவனம் அது. இரு சக்கர வாகனக் கடன், சிறு கடைக்காரர்களுக்கான கடன், கொஞ்சம் நகைக் கடன். நான் அங்கே தரவுத்தள நிர்வாகி. எனக்கு ஒரு சக ஊழியர் உண்டு. எங்கள் துறை என்பது நாங்கள் இருவர்தான்.

கிளைகளில் நாள் முழுவதும் பதிவாகும் கணக்குகள் இரவில் ஒரு தரவுக் கிடங்குக்கு வந்து சேரும்; இதை இரவு ஏற்றம் என்போம். கிடங்கு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 14ஆம் பதிப்பில் ஓடியது. இந்த அளவுள்ள நிறுவனத்துக்கு அது போதும். பெரிய மேகக் கிடங்குகளுக்கு மாத வாடகை கட்டும் நிலையில் நாங்கள் இல்லை. நிலுவை அறிக்கை, கிளைவாரி வசூல், தணிக்கைக்கான மாதிரிகள் என எல்லாமே இந்தக் கிடங்கிலிருந்துதான் எடுக்கப்படும்.

கிடங்கின் நடுநாயகம் வாடிக்கையாளர் அட்டவணை. அதில் 61 நெடுவரிசைகள். அவற்றில் ஆறு கவனத்துக்குரியவை: பான் எண், வங்கிக் கணக்கு எண், மாத வருமானம், வீட்டு முகவரி, பிணையாளரின் கைபேசி எண், ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கங்கள். கடன் சரிபார்ப்புக் குழுவில் 5 பேரும், சட்டவிதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவில் 2 பேரும் இந்த ஆறையும் பார்க்கலாம். மற்றவர்கள் மீதி 55 நெடுவரிசைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுத்தில் இருந்த விதி இவ்வளவுதான்.

தணிக்கையாளரின் கேள்வி

2024 பிப்ரவரியில் உள்தணிக்கைப் பிரிவிலிருந்து ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். முந்தைய ஆகஸ்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. விதிகள் அப்போது அறிவிக்கப்படவில்லை. ஆனால் போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற வரி இயக்குநர் குழுவின் காதில் விழுந்துவிட்டது. தணிக்கையாளரின் வருகைக்கு அதுதான் காரணம்.

“பான் எண்ணையும் கணக்கு எண்ணையும் யார் யார் பார்க்க முடியும் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் சார். பெயர்கள் வேண்டும், குழுக்களின் பெயர் போதாது” என்றார்.

“நாளைக்கே தருகிறேன் மேடம்” என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம், எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த ஒரு வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு அட்டவணையின் நெடுவரிசைகளையும் பதிந்துவைக்கும் அமைப்பு அட்டவணை ஒன்று உண்டு, பெயர் பிஜி_ஆட்ரிபியூட். ஒரு நெடுவரிசைக்கெனத் தனியாக யாருக்காவது அனுமதி கொடுத்திருந்தால் அந்த நெடுவரிசைக்கான வரியில் ஒரு கட்டத்தில் அது எழுதப்பட்டிருக்கும். பெறுபவர் பெயர், ஒரு சமக்குறி, படிக்கும் அனுமதியைக் குறிக்கும் ‘ஆர்’ என்ற எழுத்து, ஒரு சாய்கோடு, கொடுத்தவர் பெயர். அவ்வளவு சுருக்கம். வினவல் அந்தக் கட்டங்களைத் திறந்து அடுக்கிக் காட்டும்.

ஓட்டினேன். பான் எண்ணுக்கு எதிரே கடன் சரிபார்ப்பு, இணக்கம் என இரண்டே குழுக்கள். அறிக்கைக் குழுவின் பெயர் மற்ற 55 நெடுவரிசைகளுக்கு எதிரே வந்தது. இந்த ஆறுக்கு எதிரே வரவில்லை. எழுத்தில் இருந்த விதியும் திரையில் வந்ததும் ஒன்றாக இருந்தன. இரண்டு குழுக்களின் உறுப்பினர்களைப் பெயர் பெயராக எழுதி, 7 பேர் என்று கையொப்பமிட்டுக் கொடுத்தேன். தணிக்கை அறிக்கையில் அந்தப் பக்கத்துக்குப் பச்சைக் குறி விழுந்தது.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. பட்டியலில் இல்லாத ஒருவரின் பெயரில் உள்ளே போய் ஒரே ஒரு வரியைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கோப்பு

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஒரு கிளை மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். வசூல் பிரிவில் சேர்ந்து இரண்டாவது வாரமே ஆன ஒரு பயிற்சி ஊழியர், 14 கிளைகளுக்கும் நிலுவை விவரத்தை எக்ஸெல் கோப்பாக அனுப்பியிருந்தார். “சார், எங்களுக்கு எதற்குப் பான் எண் எல்லாம்? கொஞ்சம் பாருங்கள்” என்றார் மேலாளர். கோப்பில் 3,112 வாடிக்கையாளர்கள். 61 நெடுவரிசைகளும் இருந்தன.

அந்த இளைஞர் மேல் தவறு சொல்ல இடமே இல்லை. அட்டவணையிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கும் நட்சத்திரக் குறி போட்டு வினவினார், கிடங்கு கொடுத்தது, அனுப்பினார். கொடுக்கக் கூடாததைக் கொடுத்தது கிடங்கு. கொடுக்காது என்று கையொப்பமிட்டவன் நான்.

முதல் இரண்டு மணி நேரம் கோப்பின் பின்னால் ஓடினோம். 14 பேரில் 9 பேர் அதைத் திறந்திருந்தார்கள். 2 பேர் அச்செடுத்திருந்தார்கள். அஞ்சல் சேவையகத்திலிருந்து கடிதம் நீக்கப்பட்டது. அச்சுத் தாள்கள் கிளையிலேயே கிழிக்கப்பட்டு, அதற்குக் கடிதம் வாங்கப்பட்டது. நிறுவனத்துக்கு வெளியே யாருக்கும் கோப்பு அனுப்பப்பட்டதாக அஞ்சல் பதிவில் இல்லை. இணக்க அதிகாரி இதை உள் நிகழ்வாகப் பதிந்துகொண்டார்.

பட்டியல் எங்கே பொய் சொன்னது

பயிற்சி ஊழியர் அறிக்கைக் குழுவின் உறுப்பினர். அந்தக் குழுவுக்கு வாடிக்கையாளர் அட்டவணையின் மேல் இரண்டு வகை அனுமதி இருந்தது. 55 நெடுவரிசைகளுக்குத் தனித்தனியாக ஒன்று. அதோடு முழு அட்டவணைக்கும் ஒன்று.

போஸ்ட்கிரெஸில் இந்த இரண்டில் எது இருந்தாலும் படிக்கலாம். நெடுவரிசையில் இல்லாவிட்டாலும் அட்டவணையில் இருந்தால் போதும். முழு அட்டவணைக்கான அனுமதி பதியப்படும் இடம் வேறு: அட்டவணைகளைப் பதியும் அமைப்பு அட்டவணை. என் வினவல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பான் எண்ணுக்கு எதிரே அறிக்கைக் குழுவின் பெயர் இல்லை என்றால், அந்தக் குழுவுக்கு அந்த நெடுவரிசையில் தனியாக எதுவும் கொடுக்கப்படவில்லை என்றுதான் பொருள். நான் அதை ‘பார்க்க முடியாது’ என்று படித்துவிட்டேன்.

பழைய மாற்றப் பதிவேட்டைப் புரட்டியதில் வரலாறு தெரிந்தது. 2021 வரை அறிக்கைக் குழுவுக்கு முழு அட்டவணையும் திறந்திருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஆறு நெடுவரிசைகளை மட்டும் மூட நினைத்து, அந்த ஆறிலிருந்து படிக்கும் அனுமதியைத் திரும்பப் பெறும் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். கூடவே, சந்தேகத்துக்கு இடமின்றி இருக்கட்டும் என்று மற்ற 55க்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்திருக்கிறார். முழு அட்டவணைக்கான அனுமதி இருக்கும்போது, ஒரு நெடுவரிசையிலிருந்து மட்டும் திரும்பப் பெறுவதால் ஒன்றும் ஆகாது என்று போஸ்ட்கிரெஸின் ஆவணமே சொல்கிறது. ஆனால் கட்டளை பிழை தராது, எச்சரிக்காது. ‘ரிவோக்’ என்று ஒரு சொல்லைத் திரையில் காட்டி முடித்துக்கொள்ளும். அதைப் பார்த்தவர் வேலை முடிந்தது என்று எழுந்து போயிருப்பார்.

அவரைக் குறை சொல்வது எளிது. அவர் பல ஆண்டுகள் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் பழகியவர். அங்கே ‘மறு’ என்று தனிக் கட்டளை உண்டு. அட்டவணையைத் திறந்துவிட்டு ஒரு நெடுவரிசையை மட்டும் மறுக்கலாம். (அங்கேயும் ஒரு வேடிக்கை: முழு அட்டவணையை மறுத்திருந்தாலும், ஒரு நெடுவரிசைக்குக் கொடுத்த அனுமதி அந்த மறுப்பை வென்றுவிடும். பழைய பயன்பாடுகள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த முரணை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.) போஸ்ட்கிரெஸில் மறுப்பு என்ற ஒன்றே கிடையாது. கொடுக்கலாம், கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம். கொடுத்த இடத்திலிருந்துதான் வாங்க வேண்டும்.

அவசரத்தில் செய்த முதல் திருத்தம்

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு, அறிக்கைக் குழுவிடமிருந்து முழு அட்டவணைக்கான படிக்கும் அனுமதியைத் திரும்பப் பெற்றோம். இரண்டு ஐந்துக்கு, வசூல் பிரிவினர் தங்கள் சொந்தக் கணக்குகளில் ஓட்டிய அறிக்கைத் திரைகள் எல்லாம் விழுந்தன.

இதுவும் ஆவணத்தில் இருப்பதுதான். அட்டவணையிலிருந்து ஓர் அனுமதியைத் திரும்பப் பெற்றால், அதே அனுமதி நெடுவரிசைகளில் தனியாக இருந்தாலும் சேர்ந்தே போய்விடும். மேலிருந்து கீழே பாயும். கீழிருந்து மேலே பாயாது. 55 நெடுவரிசைகளின் அனுமதியும் ஒரே கட்டளையில் போயிற்று. அவற்றைத் திரும்பக் கொடுத்தோம்.

அப்போதும் பாதித் திரைகள் எழவில்லை. நட்சத்திரக் குறியோடு எழுதப்பட்ட வினவல்கள் மூடிய ஆறையும் கேட்டதால் மறுக்கப்பட்டன. பிழைச் செய்தியோ ‘அட்டவணைக்கு அனுமதி மறுக்கப்பட்டது’ என்று மொட்டையாகச் சொன்னது. எந்த நெடுவரிசை என்று சொல்லவில்லை. அட்டவணையே போய்விட்டது என்று வசூல் பிரிவு பதறியது. என் சக ஊழியர் மாலை ஏழு மணி வரை உட்கார்ந்து 20க்கும் மேற்பட்ட வினவல்களில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு நெடுவரிசைப் பெயர்களைத் தட்டினார்.

புதன் காலை எட்டு மணிக்கு வந்ததும், பயிற்சி ஊழியரின் பெயரில் உள்ளே போய் பான் எண்ணைக் கேட்டேன். வந்தது.

இரவு ஏற்றத்தின் கடைசி வரியில்தான் விடை இருந்தது. இரவில் சில அட்டவணைகளை முழுவதுமாக அழித்து மறுபடி உருவாக்குவோம். அழித்தால் அவற்றின் அனுமதிகளும் அழிந்துவிடும். ஒரு காலத்தில் அதனால் காலையில் அறிக்கைகள் திறக்கவில்லை என்று புகார் வர, யாரோ ஏற்றத்தின் முடிவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இந்த ஸ்கீமாவில் (அட்டவணைகளின் தொகுப்பில்) உள்ள எல்லா அட்டவணைகளையும் படிக்கும் அனுமதியை அறிக்கைக் குழுவுக்குக் கொடு. வாடிக்கையாளர் அட்டவணையும் அந்த ‘எல்லா’வில் ஒன்று. நாங்கள் பகலில் மூடுவதை அந்த வரி இரவில் திறந்துகொண்டிருந்தது. அந்த ‘யாரோ’ யார் என்று பதிவில் பார்த்தேன். நான்தான், 2022 நவம்பர்.

கேள்வியை மாற்றிக் கேட்டது

புதன்கிழமை ஒரு முடிவு எடுத்தோம்: முழு நிலவரமும் தெரியும் வரை எதையும் தொடக் கூடாது. ஏற்றத்தின் அந்த வரியை மட்டும் அன்றிரவு ஓடாமல் நிறுத்தினோம். ஒவ்வொரு கட்டளையும் எதிர்பாராத இடத்தில் இடிக்கிறபோது, இன்னொரு கட்டளை கொடுப்பது வைத்தியம் ஆகாது.

அதுவரை நெடுவரிசையிடம் ‘உன்னை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இனி ஆளிடம் ‘உன்னால் இதைப் படிக்க முடியுமா’ என்று கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: ஹேஸ்_காலம்_பிரிவிலேஜ். பயனர், அட்டவணை, நெடுவரிசை, அனுமதி வகை ஆகிய நான்கையும் கொடுத்தால் ஆம், இல்லை என்று பதில் சொல்லும். நெடுவரிசையில் கொடுத்தது, அட்டவணையில் கொடுத்தது, குழு வழியாக வந்தது, எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தது என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2009இல் நெடுவரிசை அனுமதி போஸ்ட்கிரெஸுக்கு வந்தபோதே இதுவும் வந்துவிட்டது. அத்தனை ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

கிடங்கில் நுழையக்கூடிய பயனர்கள் 38 பேர், கவனத்துக்குரிய நெடுவரிசைகள் 6. ஆக 228 கேள்விகள். ஸ்கீமாவுக்குள் நுழைய அனுமதி இருக்கிறதா என்று இந்த ஃபங்ஷன் பார்க்காது. அதற்கான கேள்வியையும் சேர்த்தோம். வினவல் ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

பான் எண்ணுக்கு மட்டும் வந்த ‘ஆம்’ 23. நான் கையொப்பமிட்டது 7.

மீதி 16 பேர் எந்த வழியாக வந்தார்கள் என்று இந்த ஃபங்ஷன் சொல்லாது. காரணத்தைக் கையால் தேட வேண்டும். அறிக்கைக் குழுவின் நேரடி உறுப்பினர்கள் 11 பேர். கிளை ஆய்வுக் குழு என்ற ஒரு சிறு குழுவே அறிக்கைக் குழுவின் உறுப்பினராக இருந்தது. அதன் வழியாக 2 பேர். மூவர் சூப்பர் யூசர்கள்: நான், என் சக ஊழியர், அறிக்கை மென்பொருளின் சேவைக் கணக்கு. சூப்பர் யூசருக்கு எந்த அனுமதிச் சோதனையும் கிடையாது.

அந்த மூன்றாவதைப் பார்த்ததும் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. மென்பொருளை நிறுவிய நாளில், ஏதோ ஒரு வியூ (அட்டவணைபோலத் திறக்கும் சேமித்த வினவல்) திறக்கவில்லை என்பதற்காகச் சூப்பர் யூசர் ஆக்கியிருக்கிறோம், திரும்ப இறக்கவில்லை. அந்த ஒரு கணக்கின் பின்னால் 20க்கும் மேற்பட்டோர் திரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தரவுத்தளத்துக்கு அவர்கள் எல்லோரும் ஒரே ஆள். தணிக்கையாளர் கேட்ட ‘பெயர்கள்’ தரவுத்தளத்தில் இல்லவே இல்லை. மென்பொருளின் பயனர் பட்டியலில் இருந்தன.

‘இல்லை’ என்று வந்த 15 பேரையும் விட்டுவிடவில்லை. அவர்களில் ஒருவர் முன்பு இணக்கப் பிரிவில் இருந்து கிளைக்கு மாற்றலாகிப் போனவர். குழு உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருந்தது. ஆனால் அவருடைய கணக்கு, குழுவின் அனுமதி தானாக ஒட்டாத வகையில் உருவாக்கப்பட்டது. எனவே ஃபங்ஷன் ‘இல்லை’ என்றது. அவர் ‘நான் இணக்கக் குழுவாக மாறுகிறேன்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எல்லாம் திறந்துவிடும். பிப்ரவரியில் இணக்கக் குழுவின் உறுப்பினர்களை எழுதியபோது அவர் பெயரும் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பிரிவின் தற்போதைய ஆட்களை நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன் போலும்.

போஸ்ட்கிரெஸோடு வரும் தகவல் ஸ்கீமாவின் ஆயத்த வியூவைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் பிறகு கேட்டார். அதில் நெடுவரிசை அனுமதிகளுக்கென ஒரு வியூ இருக்கிறது. அட்டவணைக்குக் கொடுத்ததையும் நெடுவரிசைவாரியாக விரித்துக் காட்டும். என் வினவலைவிட நல்லது, ஐயமில்லை. ஆனால் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் வரிகள் மாறும்: கேட்பவருடைய ரோல்கள் (அவருடைய கணக்கும் அவர் சேர்ந்த குழுக்களும்) கொடுத்த அல்லது பெற்ற அனுமதிகள்தாம் தெரியும். சாதாரணக் கணக்கிலிருந்து பார்த்தால் உலகமே ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். குழுப் பெயரோடு நின்றுவிடும், ஆட்களின் பெயர் வராது.

நெடுவரிசையின் நிழல்கள்

வாடிக்கையாளர் அட்டவணையை விட்டு வெளியே போன பான் எண்ணை எந்த அனுமதி வினவலும் காட்டாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது.

முதலில் வியூக்கள். வியூவுக்குள்ளிருந்து அட்டவணையைப் படிக்கும்போது பார்க்கப்படுவது வியூவின் உரிமையாளரின் அனுமதி, வினவுபவரின் அனுமதி அன்று. வினவுபவரின் அனுமதியில் ஓடும்படி வியூவை அமைக்கும் வசதி 2022இல் 15ஆம் பதிப்பில்தான் வந்தது. நாங்கள் 14இல் இருந்தோம். எந்த வியூ எந்த நெடுவரிசையைத் தொடுகிறது என்பது அமைப்பு அட்டவணைகளின் சார்புப் பதிவுகளில் இருக்கும். பான் எண்ணைத் தொட்ட வியூக்கள் நான்கு. அவற்றில் இரண்டுக்குத் தேவை இருந்தது. மற்ற இரண்டில் பான் எண் எதற்கு வந்தது என்று அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கே தெரியவில்லை.

அடுத்தது நகல் அட்டவணைகள். ஒருவர் வினவல் முடிவை அப்படியே புதிய அட்டவணையாகச் சேமித்தால், பழைய அட்டவணையின் அனுமதியும் வராது, சார்புப் பதிவும் இருக்காது. பெயரைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. பான் எண்ணின் வடிவத்தை வைத்துத் தேடினோம்: 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்து, தனிநபர் என்றால் நான்காவது எழுத்து ‘பி’. எல்லா அட்டவணைகளின் எழுத்து நெடுவரிசைகளிலிருந்தும் நூறு நூறு வரிகளை எடுத்து இந்த வடிவத்தோடு பொருத்திப் பார்த்தோம். ‘குறிப்பெண் 2’ என்ற அப்பாவிப் பெயரோடு ஒரு நெடுவரிசை அகப்பட்டது. 2023இல் ஏதோ ஓர் ஒப்பீட்டுக்காக எடுத்த நகல், 40,000க்கு மேற்பட்ட வரிகள், எல்லோருக்கும் திறந்திருந்தது. உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய் ஓராண்டு ஆகியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெரிய முடிவு ஒன்று. ஆறு நெடுவரிசைகளையும் வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து எடுத்துத் தனி அட்டவணையாக்கி, தனி ஸ்கீமாவில் வைத்தோம். அந்த ஸ்கீமாவுக்குள் நுழையும் அனுமதியே இரண்டு குழுக்களுக்கு மட்டும்.

நெடுவரிசை அனுமதியையே ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதாதா என்று என் சக ஊழியர் கேட்டார். நியாயமான கேள்வி. சில நாட்கள் விவாதித்தோம். கிடங்கில் அட்டவணைகள் அடிக்கடி இடிக்கப்பட்டுக் கட்டப்படுகின்றன. இனி உருவாகும் அட்டவணைகளுக்கு இயல்பாக என்ன அனுமதி என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி போஸ்ட்கிரெஸில் உண்டு; ஆனால் அது முழு அட்டவணைக்குத்தான், நெடுவரிசை அளவில் இல்லை. நெடுவரிசைச் சுவர் ஒவ்வொரு முறையும் கையால் எழுப்பப்பட வேண்டும். ‘எல்லா அட்டவணைகளும்’ என்ற ஒற்றை வரி அதை இடித்துவிடும். அதிகம் மாறாத ஒரு பயன்பாட்டுத் தரவுத்தளத்தில் நெடுவரிசை அனுமதி நன்றாகவே வேலை செய்யும். எங்கள் கிடங்குக்கு அது ஒத்துவரவில்லை என்பதே என் தீர்ப்பு. சக ஊழியர் முழுதாக உடன்படவில்லை; இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துக் கேட்கும் இணைப்பு வினவல்கள் கூடும் என்பது அவர் கவலை. கூடத்தான் செய்தன.

வேறு கிடங்குக்கு மாறலாமா என்றும் மேலிடம் கேட்டது. கூகுளின் மேகக் கிடங்கான பிக்குவெரியில் நெடுவரிசையின் மேல் கொள்கைக் குறிச்சொல்லை ஒட்டி, அந்தக் குறிச்சொல்லுக்கு அனுமதி கொடுப்பார்கள். ஸ்னோஃப்ளேக் என்ற இன்னொரு மேகக் கிடங்கில் மறைப்புக் கொள்கை மூலம் மதிப்பையே மூடிக் காட்டுவார்கள். இரண்டும் நல்ல வழிகள். ஆனால் அறிக்கை மென்பொருளைச் சூப்பர் யூசராக விட்டுவைக்கும் பழக்கம் எங்களோடு அங்கேயும் வரும் என்று எழுதி அனுப்பினேன். பேச்சு அத்தோடு நின்றது.

அறிக்கை மென்பொருளின் கணக்கைச் சாதாரணக் கணக்காக இறக்கினோம். ஒரு வாரம் தினமும் ஏதாவது ஒரு திரை விழுந்தது, ஒவ்வொன்றாக எழுப்பினோம். இரவு ஏற்றத்தின் அந்த வரியை எடுத்துவிட்டு, மறுபடி உருவாகும் அட்டவணைகளின் பெயரைச் சொல்லியே அனுமதி கொடுக்கும்படி மாற்றினோம்.

காலை 6:30க்கு ஒரு சோதனை ஓடுகிறது. ஆள் ஆளாகக் கேட்கும் அதே வினவல். கூடவே, தானாக ஒட்டாத உறுப்பினர்களுக்கான இன்னொரு வினவல். இணக்க அதிகாரி கையொப்பமிட்ட பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு பெயர் கூடினாலும் குறைந்தாலும் மூவருக்கு அஞ்சல் போகும். இரவு ஏற்றத்துக்குப் பிறகு ஓடுவது முக்கியம். மாலையில் ஓட்டினால் எங்கள் பழைய தவறு அகப்பட்டிருக்காது.

பின்னர் நடந்தவை

மே மாத இறுதியில் பான் எண்ணுக்கான ‘ஆம்’ 9 ஆக இறங்கியது: அந்த 7 பேர், நாங்கள் இருவர். எங்கள் இருவரின் பெயரும் இப்போது பட்டியலில் இருக்கிறது. பிப்ரவரியில் அதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. நிர்வாகி எல்லாவற்றையும் பார்ப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருந்தேன். தணிக்கையாளருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பழைய பட்டியலைத் திரும்பப் பெற்று, தவறு என்று எழுதி, புதியதைக் கொடுத்தேன். பச்சைக் குறி சிவப்பாகி, செப்டம்பரில் மறுபடி பச்சையானது. பயிற்சி ஊழியர் நிரந்தரமானார்.

காலைச் சோதனை ஜூலையில் ஒருமுறை ஒலித்தது. விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரைக் கடன் சரிபார்ப்புக் குழுவில் சேர்த்துவிட்டு, இணக்கப் பிரிவுக்குச் சொல்ல மறந்திருந்தோம். ஒன்பது மணிக்குள் கடிதம் வாங்கிவிட்டோம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

பிப்ரவரியில் கையொப்பமிடும் முன், பட்டியலில் இல்லாத இரண்டு பேரின் பெயரில் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். செவ்வாய் மதியம், திரும்பப் பெறும் கட்டளையைக் கொடுக்கும் முன் நெடுவரிசை அனுமதிகளை ஒரு கோப்பில் எடுத்துவைத்திருந்தால் வசூல் பிரிவுக்கு ஒரு மாலை மிஞ்சியிருக்கும். வாரிசாக வந்த வினவலை, அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்று வாசித்துப் பார்க்காமல் ஓட்டியிருக்கக் கூடாது. எனக்குப் பின்னால் வருபவருக்காக இப்போது ஒவ்வொரு வினவலின் தலையிலும் ‘இது காட்டாதவை’ என்று இரண்டு மூன்று வரிகள் எழுதிவைத்திருக்கிறோம்.

இன்னொன்று எங்கள் கையில் அப்போது இல்லவே இல்லை. 2021 முதல் 2024 வரை திறந்திருந்த பான் எண்ணை உண்மையில் யார் பார்த்தார்கள்? அமைப்பை மாற்றும் கட்டளைகளை மட்டுமே பதிந்துகொண்டிருந்தோம். படிக்கும் வினவல்களைப் பதியவில்லை. இணக்க அதிகாரியிடம் ‘தெரியாது’ என்றே எழுதிக்கொடுத்தேன். ஆகஸ்டில் பிஜி ஆடிட் என்ற நீட்சியை நிறுவினோம். அதில் தணிக்கைக்கென ஒரு ரோலை உருவாக்கி, எந்த நெடுவரிசைகளைக் கண்காணிக்க வேண்டுமோ அவற்றின் படிக்கும் அனுமதியை அந்த ரோலுக்குக் கொடுத்தால், யார் அவற்றைத் தொட்டாலும் பதிவாகும். நெடுவரிசை அனுமதி எங்கள் கிடங்கில் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான்.

2025 பிப்ரவரியில் அதே தணிக்கையாளர் வந்தார். இந்த முறை அவர் கேட்டது: “கடந்த 90 நாளில் பான் எண்ணைத் திறந்தவர்கள் யார் சார்?” இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பதிவை எடுத்து, சக ஊழியரிடம் கொடுத்து வேறு வழியில் ஒருமுறை எண்ணச் சொன்னேன். இரண்டு எண்ணிக்கையும் பொருந்திய பிறகு அனுப்பினோம்.